தொட்டி மிளகாயில் சுருட்டையும் மஞ்சளும்

உரக்கடை வாசலில் மாசி தொடங்கி ஆடி வரை ஒரே காட்சியைப் பார்க்கலாம். சுருண்டு வெளிறிய மிளகாய் இலையைக் கையில் பிடித்தபடி ஒருவர் வந்து, "இதுக்கு என்ன மருந்துங்க?" என்று கேட்பார். கடைக்காரர் வேப்பெண்ணெய் பாட்டிலையோ பூச்சிக்கொல்லிப் பொட்டலத்தையோ எடுத்துக் கொடுப்பார். சில செடிகள் தேறும். பல செடிகள் தேறாமல், குட்டையாகவே நின்று, காய்க்காமல், கடைசியில் பிடுங்கி எறியப்படும். கடைக்காரரைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. ஒற்றை இலையை வைத்து இந்தக் கோளாறைச் சொல்ல யாராலும் முடியாது. அந்த இலை செடியின் உச்சியில் இருந்ததா அடியில் இருந்ததா, எத்தனை நாளில் இப்படி ஆனது, பக்கத்துப் பையிலுள்ள கத்தரியும் தக்காளியும் எப்படி இருக்கின்றன என்பதெல்லாம் தெரிந்தால்தான் மருந்தைப் பற்றியே பேச முடியும்.

இந்தக் கட்டுரை சொல்லவருவது இதுதான்: தொட்டி மிளகாயில் சுருட்டையும் மஞ்சளும் இரண்டு தனிக் கேள்விகள். நம் ஊர் மாடிகளில் சுருட்டை பெரும்பாலும் குருத்தில் குடியிருக்கும் பூச்சியாலோ சிலந்தியாலோ வருகிறது. மஞ்சள் பெரும்பாலும் பைக்குள் நடப்பதால், அதாவது மண்கலவையாலும் நீராலும் வருகிறது. இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து நிற்கும்போது, ஒரே நோய்தான் இரண்டையும் செய்கிறது என்று எடுத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது. வைரஸ் ஒன்றைத் தவிர மற்ற இடங்களில், இரண்டு கோளாறுகள் ஒரே நேரத்தில் இருப்பதே வழக்கம்.

மாடித்தோட்டக்காரருக்குக் கிடைக்கும் ஆலோசனை மூன்று ஊற்றுகளிலிருந்து வருகிறது. வேளாண் பல்கலைக்கழகமும் தோட்டக்கலைத் துறையும் வயல் விவசாயிக்காக எழுதிய பயிர்ப் பாதுகாப்புக் குறிப்புகள் முதலாவது. பூச்சிகளை அடையாளம் காண இவற்றைவிட நம்பகமானது வேறில்லை. ஆனால் வயலில் மிளகாயின் வேர் விருப்பம்போல ஓடும். ஒரு அடி அகலப் பைக்குள் வேருக்கு வேறு போக்கிடமில்லை. உப்பு சேர்ந்தாலும் நீர் தேங்கினாலும் அங்கேயே கிடந்து அனுபவிக்கவேண்டும். அந்தப் பாதியை வயல் குறிப்புகள் தொடுவதில்லை. இரண்டாவது ஊற்று இயற்கை வேளாண்மை இயக்கம்: பஞ்சகவ்யா, இஞ்சி-பூண்டு-பச்சைமிளகாய்க் கரைசல், புளித்த மோர். வீட்டுக்காய்கறியில் நஞ்சு வேண்டாம் என்ற அதன் நிலைப்பாடு சரியானது. எல்லாச் சுருட்டைக்கும் ஒரே கரைசலை நீட்டுவது சரியில்லை. மூன்றாவது, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொட்டியில் மிளகாய் வளர்ப்போரின் அனுபவம். கலவையின் அமிலத்தன்மை, உப்பளவு பற்றிய நுட்பமான பேச்சு அவர்களிடம்தான் உண்டு. ஆனால் அவர்கள் எடுத்ததற்கெல்லாம் சொல்லும் கால்சியம்-மெக்னீசியம் திரவம், தாதுப்பே இல்லாத மென்னீரை ஊற்றுகிறவர்களுக்கானது. வாளியில் வெள்ளைப் படலம் கட்டுகிற சென்னை ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியத்துக்குப் பஞ்சமில்லை.

எந்த இலை?

முதலில் பார்க்கவேண்டியது நிறத்தையோ சுருளையோ அல்ல, இடத்தை. செடிக்குள் சில சத்துகள் நகரக்கூடியவை: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம். இவை குறையும்போது செடி முதிர்ந்த இலைகளிலிருந்து அவற்றை உருவி இளம் குருத்துக்கு அனுப்புகிறது. எனவே மஞ்சள் அடியிலிருந்து மேலேறும். இரும்பு, கால்சியம், போரான் போன்றவை ஓர் இலையில் போய்ச் சேர்ந்தால் அங்கேயே தங்கிவிடும். இவை குறைந்தால் அடியிலை பச்சையாக இருக்க, உச்சியிலை வெளிறும் அல்லது உருக்குலையும்.

இந்த ஒரு கேள்வியே பாதி வழியைக் கடத்திவிடும். அடியிலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளடித்து உதிர்ந்தால் தழைச்சத்துக் குறை, இல்லாவிட்டால் நீர் தேங்கி மூச்சடைத்த வேர். அடியிலையில் நரம்பு பச்சையாக இருக்க நரம்பிடை மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். அடியிலையின் விளிம்பு மட்டும் கருகினால் சாம்பல்சத்துக் குறை, அல்லது உப்பு. அதே நரம்பிடை மஞ்சள் உச்சியிலையில் தெரிந்தால் இரும்பு. உச்சியிலை நிறம் மாறாமல் உருவம் மட்டும் மாறினால், உர மூட்டையைத் தொடாமல் லென்ஸை எடுக்கவேண்டும். காய்த்து ஓய்ந்த செடியில் அடியிலை இரண்டு மூன்று பழுத்து விழுவது முதுமை. அதற்கு வைத்தியம் தேவையில்லை.

நுனியில் குடியிருப்பவை

மிளகாய்ச் சுருட்டையின் முதல் குற்றவாளி இலைப்பேன். உலகம் முழுக்க மிளகாயைத் தாக்கும் ஸ்கிர்டோதிரிப்ஸ் டார்சாலிஸ் என்ற இனத்தை 1919இல் ஹூட் என்ற பூச்சியியலாளர் முதன்முதலில் விவரித்தது கோயம்புத்தூரில் சேகரித்த மாதிரிகளைக் கொண்டுதான். நூறாண்டுக்கு மேலாக நம்மோடு இருக்கும் பூச்சி இது. நீளம் சுமார் 1 மில்லிமீட்டர், வைக்கோல் நிறம். இளம் இலையின் அடிப்புறத்தைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சும். அதனால் இலையின் இரு விளிம்புகளும் மேல்நோக்கி மடிந்து படகு வடிவம் கொள்ளும். இலையைத் திருப்பினால் நடுநரம்பை ஒட்டி வெள்ளியும் பழுப்புமாகத் தழும்புகள் தெரியும். அந்தத் தழும்புதான் அதன் கையொப்பம்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வெள்ளைத் தாளைக் குருத்தின் கீழே பிடித்து நுனியை இரண்டு தட்டுத் தட்டினால், மெல்லிய கோடுகளாக விழுந்து ஓடும். பூ விட்ட செடியானால் பூவையும் தட்டிப் பார்க்கவேண்டும், ஏனென்றால் இப்போது இன்னொரு இலைப்பேனும் வந்துவிட்டது. தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த திரிப்ஸ் பார்விஸ்பைனஸ் 2015இல் பெங்களூரில் பப்பாளியில் காணப்பட்டது. 2021இல் ஆந்திர, தெலங்கானா மிளகாய் வயல்களைச் சூறையாடியது. கருமை படிந்த இந்த இனம் பூவுக்குள் கூட்டமாகப் புகுந்து பூவையே உதிர்த்துவிடும். இலை ஓரளவு நன்றாக இருந்தும் பிஞ்சு நிற்கவில்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும்.

இலைப்பேன் முட்டையை இலைத் திசுவுக்குள் செருகுகிறது. கூட்டுப்புழுப் பருவத்தை மண்ணிலும் சருகிலும் கழிக்கிறது. ஒருமுறை தெளித்துவிட்டு "கேட்கவில்லை" என்று சொல்வதன் காரணம் இதில் இருக்கிறது. தெளிப்பில் செத்தவை வெளியில் திரிந்தவை மட்டுமே. 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று முறையாவது தொடர்ந்தால்தான் முட்டையிலிருந்து வருபவையும் அகப்படும். பையின் மேல்மண்ணில் கிடக்கும் சருகை அள்ளிப் போடுவதும் மருந்தில் சேர்ந்ததே.

இரண்டாவது ஆள், எனக்குத் தெரிந்து மாடித்தோட்டங்களில் மிக அதிகமாகத் தவறவிடப்படுவது, மஞ்சள் முரணைச் சிலந்தி. பெண் சிலந்தியே 0.2 மில்லிமீட்டர்தான், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பூச்சியே இல்லையே, இலை மட்டும் ஏன் இப்படி என்று குழம்புபவர்களில் பலர் பார்த்துக்கொண்டிருப்பது இதன் வேலையை. இலைப்பேன் இலையை மேல்நோக்கி மடக்கும். இது கீழ்நோக்கிக் கவிழ்க்கும். குருத்திலை குறுகி, தடித்து, வழக்கத்தைவிடக் கரும்பச்சையாகி, விரலால் மடக்கினால் ஒடியும். காம்பு நீளும். முற்றினால் குருத்தே கருகி நின்றுவிடும். அடியிலைகள் மட்டும் நன்றாகவே இருக்கும். நகைக்கடையில் பயன்படுத்துவது போன்ற 10 அல்லது 20 மடங்கு லென்ஸ் இருந்தால், குருத்திலையின் அடிப்புறத்தில் கண்ணாடிபோன்ற முட்டைகளும் அவற்றின்மேல் வரிசை வரிசையாக வெண்புள்ளிகளும் தெரியும். இந்தப் புள்ளிவைத்த முட்டைதான் இதை அடையாளம் காட்டுவது. கைப்பேசி கேமராவில் மாட்டும் சிறு லென்ஸும் போதும்.

இந்தச் சிலந்தி இலைக்குள் செலுத்தும் உமிழ்நீர்தான் குருத்தை உருக்குலைக்கிறது. சிலந்தியைக் கொன்ற பிறகும் ஏற்கெனவே உருவாகிவிட்ட மொட்டிலைகள் சில வாரங்களுக்குக் கோணலாகவே விரியும். "மருந்து அடித்தும் சுருட்டை வருகிறது" என்று இன்னொரு மருந்தைத் தேடி ஓடுவது இந்தக் காலத்தில்தான். வெப்பநாளில் ஒரு வாரத்துக்குள் ஒரு தலைமுறை முடியும். ஆண் சிலந்தி, இன்னும் உரிபடாத பெண்ணைத் தூக்கிக்கொண்டு புதுக்குருத்துக்கு நகரும். வெள்ளை ஈயின் காலைப் பற்றிக்கொண்டு செடிவிட்டுச் செடி பயணிக்கவும் செய்யும். இத்தனை சிறிய உயிருக்கு இத்தனை ஏற்பாடு.

பூச்சிமருந்து விஷயத்தில் எச்சரிக்கை வேண்டிய இடமும் இதுவே. உரக்கடையில் சுருட்டைக்கு அடிக்கடி கிடைக்கும் இமிடாகுளோபிரிட் அசுவினியையும் வெள்ளை ஈயையும் கொல்லும், சிலந்தியைக் கொல்லாது. பைரித்ராய்டு வகை மருந்து இன்னும் மோசம்: சிலந்தியைத் தின்னும் நல்ல சிலந்திகளையும் பொறிவண்டுகளையும் கொன்று, சிலந்தியைப் பெருகவிடுகிறது. பல பயிர்களில் இது பதிவான உண்மை. ஆக, இலை மேலே மடிந்ததா கீழே கவிழ்ந்ததா என்று பார்க்காமல் அடித்த மருந்து, கோளாறை இருமடங்காக்கக்கூடும். சிலந்திக்கு நனையும் கந்தகம் பழைய, மலிவான, நம்பகமான மருந்து. லிட்டருக்கு 2 முதல் 3 கிராம், மாலையில். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடாது, கத்திரி வெயிலிலும் கூடாது; இலை பொசுங்கிவிடும். முற்றிய குருத்தைக் கிள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டுத் தெளித்தால் பலன் விரைவாகத் தெரியும்.

வேப்பெண்ணெய் இலைப்பேன், சிலந்தி இரண்டுக்கும் ஓரளவு உதவும், ஆனால் தெளிக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், அதைக் கரைக்கும் அளவுக்குக் காதி சோப்புக் கரைசல், இரண்டையும் முதலில் குழைத்துப் பிறகு நீர் சேர்த்து, இலையின் அடிப்புறமும் குருத்தும் நனையும்படி வெயில் தாழ்ந்ததும் தெளிக்கவேண்டும். மேலிருந்து தூவினால் எண்ணெய் விழும் பக்கத்தில் பூச்சி இல்லை. விசையோடு வெறுந்தண்ணீரை இலையின் அடியில் பீய்ச்சுவதும் இலைப்பேனைக் கணிசமாகக் குறைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுருட்டை தானாகத் தணிவது இதனால்தான்.

அசுவினி பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியும், இலை நெளிந்து சுருங்கும், பிசுபிசுப்பும் அதன்மேல் கரும்பூசணமும் படியும், எறும்பு வரிசை ஏறும். எறும்பைத் தடுத்தால் பொறிவண்டு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். தழைச்சத்தை அள்ளிக்கொட்டிய செடியில்தான் அசுவினி மொய்க்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்கவேண்டும்.

வெள்ளை ஈ கொண்டுவருவது

மூன்றாவது சுருட்டைக்கு மருந்தில்லை. பெகோமோ என்ற பேரினத்தைச் சேர்ந்த மிளகாய் இலைச்சுருட்டை வைரஸை வெள்ளை ஈ கொண்டுவருகிறது. நோயுற்ற செடியில் சாறு உறிஞ்சிய ஈ நீண்ட காலம் வைரஸைச் சுமந்து, உட்காரும் செடிக்கெல்லாம் கொடுக்கும். இதிலும் இலை மேல்நோக்கித்தான் சுருளும், அதனால் இலைப்பேன் வேலையென்று ஏமாறுவது எளிது. வேறுபாடுகளைக் கூர்ந்து பார்க்கவேண்டும். வைரஸ் தாக்கிய இலையின் அடியில் சுரண்டல் தழும்பு இருக்காது. நரம்புகள் தடித்துப் புடைத்திருக்கும். இலை சிறுத்து, விளிம்பிலிருந்தோ நரம்பிடையிலோ மஞ்சள் படரும். கணுவிடை குறுகி, சிற்றிலைகள் கொத்துக் கொத்தாக நெருங்கிச் செடியே குத்துக்குட்டையாகும். சுருட்டையும் மஞ்சளும் ஒரே காரணத்தால் சேர்ந்து வரும் முக்கியமான இடம் இதுதான்.

ஐயம் தீரவில்லையென்றால் காலம் தீர்த்துவைக்கும். பூச்சிக்கும் சிலந்திக்கும் முறையாகத் தெளித்த பிறகு மூன்று, நான்கு வாரத்தில் வரும் புதுக்குருத்து நேராக விரிந்தால் அது பூச்சியின் வேலை. ஒன்றன்பின் ஒன்றாக வரும் எல்லாக் குருத்தும் அதே நரம்புத் தடிப்போடும் மஞ்சளோடும் வந்தால் வைரஸ். அதுவரை அந்தப் பையை மற்றவற்றிலிருந்து தள்ளி வைப்பதுதான் பொறுப்பு.

உறுதியானால் பிடுங்கிவிடவேண்டும். சொல்லும்போது எளிது, நாற்றிலிருந்து வளர்த்த செடியைப் பூவோடு பிடுங்க எவருக்கும் கை வராது. ஆனால் மாடியில் மிளகாய், தக்காளி, குடைமிளகாய் நெருக்கமாக நிற்கும்போது, தேறாத ஒரு செடிக்குக் காட்டும் இரக்கம் தேறக்கூடிய பத்துச் செடிகளைப் பலிகேட்கிறது. பிடுங்குவதற்கு முன் செடியின்மேல் சோப்புக் கரைசலை நன்றாகத் தெளித்துவிட்டால் அதிலுள்ள வெள்ளை ஈக்கள் பறந்து பக்கத்துச் செடிக்குப் போகாது. புளித்த மோர், மஞ்சள்தூள், பெருங்காயம் எதுவும் செடிக்குள் புகுந்த வைரஸை வெளியேற்றாது. மோர் தெளித்துத் தேறிய செடிகள் உண்டு என்பவர்கள் பொய் சொல்வதில்லை. தேறிய செடிகள் வைரஸ் பிடிக்காத செடிகளாகவே இருந்திருக்கும்.

பைக்குள் நடப்பது

மாடித்தோட்டக் கலவைகளில் தேங்காய் நார்த்தூளுக்குப் பெரிய பங்கு. எடை குறைவு, ஈரம் பிடிக்கும், பொள்ளாச்சிப் பக்கம் மலிந்து கிடைக்கும். அரசு மானியத்தில் கொடுக்கும் மாடித் தோட்டத் தளைகளிலும் நார்த்தூள் கட்டிதான். ஆனால் அதை வெறும் மண் என்று நினைப்பவர்களுக்கு மஞ்சள் இலை காத்திருக்கிறது. நார்த்தூளில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. மட்காத தூளைப் பையில் நிரப்பினால், அதை மட்கச்செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை உரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்; செடிக்கு மிஞ்சாது. மண்புழு உரம் போட்டும் அடியிலை மஞ்சளாகிறதே என்ற புகாருக்குப் பலமுறை இதுவே விடை. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் வித்தையும் யூரியாவையும் நார்க்கழிவோடு அடுக்கி மட்கவைக்கும் முறையைப் பரப்பியது இந்தக் கரிம-தழைச்சத்து விகிதத்தைக் குறைக்கத்தான்.

இரண்டாவது சிக்கல் உப்பு. நார்த்தூளில் இயல்பாகவே சாம்பல்சத்தும் சோடியமும் மிகுதி. கழுவாத தூள் அவற்றை வெளியே விட்டு, பதிலுக்குக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்கிறது. கட்டியை ஊறவைத்து, பழுப்புச் சாறு வெளிறும்வரை இரண்டு மூன்று முறை நீர் மாற்றிப் பிழிந்த பிறகே கலக்கவேண்டும். செம்மண், நார்த்தூள், மட்கிய உரம் மூன்றும் சம அளவு என்ற பழக்கமான கலவை மோசமில்லை. முழுக்க நார்த்தூளில் மிளகாயை வளர்க்க முனைவது, கரையும் உரத்தை வாராவாரம் அளந்து கொடுக்கத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டுமே.

கலவையைவிட முக்கியம் நீர். மிளகாய் இனம் உப்பைத் தாங்குவதில் நடுத்தரத்துக்கும் கீழே. ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் பாசன நீர் வழிகாட்டியின்படி, வேர்மண்டலச் சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸைத் தாண்டும்போது மிளகாயின் விளைச்சல் குறையத் தொடங்குகிறது. பாசன நீரில் அந்த எல்லை சுமார் 1 டெசிசீமன்ஸ். நம் வீடுகளில் புழங்கும் டி.டி.எஸ். கணக்கில் ஏறத்தாழ 640. சென்னையிலும் பல மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீர் இதைத் தாண்டுவது சாதாரணம். இது வயலுக்கான கணக்கு. அங்கே மழையும் ஆழமும் உப்பைக் கீழே இறக்கும். பையில், செடி நீரைக் குடித்துவிட்டு உப்பை மட்டும் மிச்சம் வைக்கும்.

இங்கேதான் ஆர்.ஓ. கழிவு நீர் விஷயம் வருகிறது. குடிநீர் சுத்திகரிப்பு எந்திரம் வெளியே தள்ளும் நீரை வீணாக்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் பல வீடுகளில் அதைச் செடிக்கு ஊற்றுகிறார்கள். உள்ளே போன நீரிலிருந்த உப்பு கிட்டத்தட்ட முழுவதும் அந்தக் குறைந்த நீரில் செறிந்திருக்கிறது. வீடு துடைக்க, பாத்திரம் முதல் கழுவலுக்கு அது ஏற்றது. மிளகாய்ப் பைக்கு அல்ல. நீரை மென்மையாக்கும் எந்திரத்திலிருந்து வரும் நீரும் அப்படித்தான்; கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கிறது. மறுபக்கம், ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பே கிட்டத்தட்டக் கிடையாது. அதைச் சேர்த்துவைத்து உப்பேறிய பையை அலசப் பயன்படுத்தலாம். மழைநீர் அதைவிட மேல்.

சோதிப்பது சுலபம். பைக்கு வழக்கம்போல் நீர் ஊற்றி அரைமணி கழித்து, இன்னும் கொஞ்சம் ஊற்றி அடியில் வடிவதைப் பிடித்து, டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்க்கவேண்டும். ஊற்றிய நீரைவிட வடிந்த நீரின் டி.டி.எஸ். பல மடங்கு ஏறியிருந்தால் பைக்குள் உப்பு குவிந்துவிட்டது. விளிம்பு கருகி, நுனி சுருண்டு, ஈரமிருந்தும் வாடும் இலைக்குப் பொருள் அப்போது புரியும். பையின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல நீரை மெதுவாக விட்டு அலசி வடிக்கவேண்டும். அதன் பிறகு ஒரு வாரம் கழித்தே உரம். உப்பால் வாடும் செடிக்கு மேலும் உரம் போடுவதைப் போன்ற கொடுமை வேறில்லை, ஆனால் மஞ்சளைக் கண்டதும் கை போவது அங்கேதான்.

கடின நீரின் இன்னொரு விளைவு மெதுவாக வரும். அதிலுள்ள பைகார்பனேட் கலவையைக் காரமாக்கிக்கொண்டே போகும். கலவையில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்கமுடியாமல் போகும். உச்சியிலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடுகளாக நிற்பது அதன் அடையாளம். அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் வரை, சில சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்து மாலையில் தெளித்தால் புதிய இலை பச்சை பிடிக்கும். முதலில் ஓரிரு இலையில் தெளித்துப் பார்ப்பது நல்லது. ஆனால் நீரை மாற்றாதவரை இது தற்காலிகமே. எப்சம் உப்பைச் சர்வரோக நிவாரணியாகத் தூவுவதும் வேண்டாம். அடியிலையில் நரம்பிடை மஞ்சள் இருந்தால் அது கைகொடுக்கும், இல்லாவிட்டால் அதுவும் கூடுதல் உப்புதான். கால்சியத்துக்காகப் போடும் முட்டை ஓடு கரைய அமிலம் வேண்டும். காரமான கலவையில் அது கிடந்தபடியே கிடக்கும்.

அளவுக்கு மிஞ்சிய நீரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் மழைக்காலத்தில் செடிகள் அதிகம் சாவது அதனால்தான். வேருக்கு நீரைவிடக் காற்று முக்கியம். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து ஈரம் இருந்தால் அன்று நீர் வேண்டாம். மேல்மண் காய்ந்திருந்தும் அடியில் சேறாக இருப்பது நார்த்தூளின் இயல்பு. பையைச் சற்றுத் தூக்கிப் பார்த்தால் கனம் காட்டிக்கொடுக்கும். தளத்தோடு ஒட்டி வைத்த பையின் வடிதுளை அடைபடும். இரண்டு செங்கல்மேல் ஏற்றிவைத்தால் வடியவும் செய்யும், மொட்டைமாடிச் சூடும் நேரே ஏறாது. அந்தச் சூடு சாதாரணமானதல்ல. கத்திரி வெயிலில் நண்பகல் இலை நடுநரம்பை ஒட்டி மேல்நோக்கிக் குவிந்து, மாலையில் விரிந்துவிட்டால் அது நோயில்லை. நீரிழப்பைக் குறைக்கச் செடி செய்யும் தற்காப்பு. நிழல்வலை கட்டினால் போதும். சுருட்டை என்று வந்து நிற்பவற்றில் கொஞ்சம் இந்த வகைதான், ஆகவே எந்த முடிவுக்கும் முன் காலை ஆறரை மணிக்கு ஒருமுறை செடியைப் பார்த்துவிடவேண்டும்.

இன்னும் இரண்டு கோளாறுகளைச் சொல்லியாகவேண்டும். எந்தச் சத்துக்கும் அசையாமல், வெளிறியபடி குன்றி நிற்கும் செடியை ஓரமாகத் தோண்டிப் பார்த்தால் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும். தோட்ட மண்ணோடு வந்த வேர்முடிச்சு நூற்புழு அது. அந்த மண்ணைக் ஒளி ஊடுருவும் பாலித்தீனில் கட்டிச் சித்திரை வெயிலில் சில வாரம் காயவைக்காமல் மறுபடி மிளகாய்க்குப் பயன்படுத்தக்கூடாது. மற்றது பனிக்காலச் சாம்பல் நோய்: மேற்புறம் மஞ்சள் திட்டு, அதன் நேர் கீழே வெண்தூள், பிறகு இலை மேலே சுருண்டு உதிரும். கந்தகம் இதற்கும் மருந்து.

வைத்தியம் எதுவானாலும் பலனைப் பார்க்கவேண்டிய இடம் ஒன்றே. சுருண்டு முதிர்ந்த இலை இனி விரியாது. கருகிய விளிம்பு இனிப் பச்சையாகாது. அவற்றைப் பார்த்துப் பார்த்து மருந்தை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் தேறிவரும் செடியையும் கெடுத்துவிடுகிறார்கள். தெளித்த நாளன்று கடைசிக் குருத்தின் கீழே ஒரு நூலைக் கட்டிவிட்டு, அதற்கு மேலே வருவதை மட்டும் பார்க்கவேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். கந்தகமும் எப்சமும் பஞ்சகவ்யாவும் ஒரே வாரத்தில் கொடுத்துச் செடி தேறினால், எது தேற்றியது என்று அடுத்த முறை யாராலும் சொல்ல முடியாது.

தடுப்பின் பெரும்பகுதி நாற்றுப் பருவத்தில் முடிந்துவிடுகிறது. சாலையோர நர்சரி நாற்றில் சிலந்தியும் வெள்ளை ஈயும் சேர்ந்தே வீட்டுக்கு வரும். வாங்கும்போது இலையைத் திருப்பிப் பார்த்து, இரண்டு வாரம் தனியே வைத்துப் பிறகு சேர்ப்பது நல்லது. வீட்டிலேயே விதைத்தால் 40 முதல் 50 கண்ணளவுள்ள நைலான் வலைக்குள் நாற்றை வளர்த்தால் வெள்ளை ஈ நெருங்காது. சிறு வயதில் வைரஸ் பிடித்த செடியில் காயை எதிர்பார்க்க முடியாது. வளர்ந்து காய்க்கத் தொடங்கிய பிறகு பிடித்ததில் ஓரிரு பறிப்பாவது கிடைக்கும், அதனால் முதல் ஒன்றரை மாதம்தான் காவல். மஞ்சள் ஒட்டும் அட்டை வெள்ளை ஈக்கும் நீல அட்டை இலைப்பேனுக்கும் வந்ததை முன்கூட்டிச் சொல்லும். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இலைச்சுருட்டை வைரஸைத் தாங்கும் வீரிய ஒட்டு மிளகாய்களை வெளியிட்டிருக்கிறது; வைரஸ் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும் மாடிகளில் அவற்றை நடுவதே அறிவு. இலைப்பேனுக்கும் சிலந்திக்கும் அந்த எதிர்ப்பு செல்லாது. அங்கே வெள்ளைத்தாளும் லென்ஸும் வாரம் ஒருமுறை வேலை செய்தாகவேண்டும்.